அறுக்காமல் விட்ட கட்டி

என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தேனி ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி உறிஞ்சி, சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டரம்மா சொன்னார்: "இது தைராய்டுல அபூர்வமா வர்ற கட்டி பாட்டி. கேன்சர் இல்ல, அறுக்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வயிற்றில் தையல். என் கட்டியை மட்டும் ஏன் சும்மா விடுகிறார்கள்? அறுத்தும் பிரயோசனமில்லை என்றால்தானே வீட்டுக்கு அனுப்புவார்கள்? போதாததற்கு, என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் மறுபடி உள்ளே போனான்.

"என்னடா சொன்னாக?"

"ஒண்ணுமில்ல ஆத்தா."

அந்த வாரம் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். மருமகள் அயிரைமீன் குழம்பு வைத்தாள். மகன் பன்னீர் திராட்சை வாங்கி வந்து, "மேகமலைக்கு ஜீப்புல போயிட்டு வருவமா ஆத்தா?" என்றான். கேட்டுக் கேட்டு என் வாய் வலித்த மலை அது. சாகப் போகிறவர்களிடம்தான் இப்படி ஆசை கேட்பார்கள். என் மாமியாரிடம் நானே கேட்டிருக்கிறேன். ஜிலேபி என்றார், மூன்றாம் நாள் போய்விட்டார்.

மகன் மழுப்புவான். மருமகளுக்கு மறைக்க வராது. நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்வாள். அவளைச் சீண்டிப் பார்த்தேன்.

"ஏத்தா, கொழம்பா இது? கழனித் தண்ணி கணக்கா இருக்கு."

"சரி அத்த, வேற வச்சுத் தாரேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளே பணிந்துவிட்டாள் என்றால் நாள் குறித்தாகிவிட்டது.

மறுநாள் குழம்பை வைத்து இன்னும் கொஞ்சம் கிள்ளினேன். "ஒங்காத்தா ஒனக்கு அடுப்புப் பத்தவைக்க மட்டுந்தேன் சொல்லிக்குடுத்தாளா?"

கரண்டி நங்கென்று விழுந்தது.

"எங்காத்தாவ எதுக்கு இழுக்குறீக? ஒரு வாரமா வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கேன்! பாட்டி பயந்துருக்காக, மனசு நோகாமப் பாத்துக்கங்கன்னு டாக்டரம்மா ஒங்க மகங்கிட்டச் சொன்னாகளாம். எதுத்துப் பேசாதன்னு அவுக என்னையக் கெஞ்சுறாக. ஒங்களுக்கா பயம்? இந்த வாய்க்கு எமனே வரமாட்டான்! இன்னும் முப்பது வருசம் என் உசுர எடுப்பீக!"

"டாக்டரம்மா உள்ள கூப்புட்டுச் சொன்னது அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தேன்!"

அதே குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் கட்டி அதே அளவுதான். ஆனாலும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின நாள் குழம்பைக் குறை சொல்லிப் பார்த்துவிடுவேன். மருமகள் சீறினால்தான் நிம்மதியாக பஸ் ஏறுவேன்.

என் பயம் தெளிந்ததும் மகன் ஜீப்பை மறந்துவிட்டான். அதனால் இப்போதெல்லாம் அவன் கண்பட அடிக்கடி கழுத்தைத் தடவிக்கொள்கிறேன்.