கொம்பு முளைத்த அக்கா

தோக்கியோவில் ஒற்றை அறையில் உட்கார்ந்து படக்கதை வரைந்து பிழைத்தவள் ஹிசானோ. முப்பத்தொரு வயது வரை அவளைச் சீந்துவார் இல்லை. வாராவாரம் வாசகர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் அஞ்சலட்டைதான் அந்தத் தொழிலில் எமன். ஓட்டு குறைந்தால் கதையைப் பாதியிலேயே இழுத்து மூடிவிடுவார்கள்.

கடைசி வாய்ப்பாக ஓர் அரக்கியைப் படைத்தாள். பெயர் கரா. பொசுக்கென்று கோபம் வரும். வந்தால் கொம்பு முளைக்கும், சுவர் இடியும், எதிரி யார் நண்பன் யார் என்று தெரியாது. இவளை எங்கிருந்து பிடித்தாள்? வேறெங்கே, வீட்டிலிருந்துதான். தோயாமாவில் இருக்கும் அக்கா சுமியேயின் கோபம் அப்படிப்பட்டது. ஒருமுறை சோற்றுப் பானையைத் தூக்கிக் கண்ணாடிக் கதவில் அடித்தவள் அவள். அடங்கியதும் தங்கைக்குக் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, எதிரே தலைகுனிந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பாள். ஹிசானோ அதையும் வரைந்தாள்.

பத்திரிகை ஆசிரியர் குரோகி அந்த இரண்டு பக்கங்களை மட்டும் ஒதுக்கி வைத்தார்.

"என்னம்மா இது, அடிச்சிட்டுக் கஞ்சி ஊத்துறா? இவ அரக்கியா, ஆயாவா? எடுத்துடு."

"அது இல்லேன்னா அவ வெறும் மிருகம் சார்."

"மிருகம்தாம்மா விக்கும். போன வாரம் ஓட்டுல உன் கதை பதினேழாவது இடம், ஞாபகம் இருக்கா?"

எடுத்துவிட்டாள். பாவி, எடுத்துவிட்டாள். மூன்றே வாரத்தில் கரா இரண்டாம் இடம்.

அந்த வாரம் வந்த அஞ்சலட்டைகளில் ஒன்று அக்காவின் கையெழுத்தில் இருந்தது. 'பிடித்த பாத்திரம்' என்ற கட்டத்தில் கரா. அதற்குக் கீழே: "கண்ணாடிக் கதவைப் பாத்ததுமே நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் அப்புறம் மன்னிப்புக் கேப்பேனே. அது உனக்கு ஞாபகமே இல்லையா?"

ஹிசானோ பதறிப்போய் ஃபோன் போட்டாள். எப்போதும் "என்னடி கழுதை" என்று எடுக்கிறவள், "சொல்லுங்க" என்றாள்.

"அக்கா, கஞ்சியையும் வரைஞ்சேன்க்கா. அவங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

"பரவாயில்லீங்க. உங்க தொழில் அப்படி. நான் இப்பல்லாம் கோவப்படுறதே இல்லை."

"திட்டுக்கா. ஒரே ஒரு தடவை திட்டிடு."

"உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

கரா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஓடினாள். சுமியே தங்கையிடம் ஒருநாளும் கோபித்துக்கொள்ளவில்லை.