ஐந்து நிரைக்கு நூற்றிருபது வழி

அந்தக் காலத்தில் வகுப்பில் நான் கரும்பலகையைப் பார்த்தே பேசுவேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்புப் படிப்போடு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்தவள் நான். எழுபதுகளில் எட்டாம் வகுப்புக் கணக்கும் என் தலையில் விழுந்தது. பதினொரு பிள்ளைகள். பதுளைக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்து, தேறாது என்று எழுதிவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். பிறகு பிள்ளைகள் கொழுந்துக்கூடை மாட்ட வேண்டியதுதான்.

காரணீயப் பெருக்கம்தான் என்னை அலைக்கழித்தது. ஐந்து நிறப் பந்துகளை எத்தனை விதமாக வரிசையில் அடுக்கலாம் என்று கேட்டது புத்தகம். பந்துக்கு நான் எங்கே போவேன்? மூன்றாம் நாள் பந்தை விட்டுவிட்டு நிரைக்கு வந்தேன். காலையில் கங்காணி கொழுந்து பறிக்க ஆளுக்கொரு தேயிலை வரிசை கொடுப்பாரே, அந்த நிரை. ஐந்து பெண்கள், ஐந்து நிரை. முதல் நிரைக்கு ஐவரில் யாரும் போகலாம். அடுத்ததற்கு மிச்சம் நால்வர். பிறகு மூவர், இருவர், ஒருவர். எல்லாவற்றையும் பெருக்கினால் நூற்றிருபது.

"நூத்தி இருபது வழி இருந்தும் எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் டீச்சர் எப்பவும் பள்ளத்து நிரை?" என்றாள் முன்வாங்கில் உட்கார்ந்திருந்த பெண். வகுப்பே சிரித்தது.

அதிகாரி வந்த அன்று அவளைத்தான் எழுப்பினார். "அஞ்சு பேர்ல ரெண்டு பேர எத்தன விதமாத் தெரிவு செய்யலாம்?"

"இருபது சேர்."

"பத்து" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இதுதான் சொல்லிக் குடுத்தீங்களா, டீச்சர்?" பேனா மூடியைக் கழற்றினார்.

பிழை எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்தை நாலால் பெருக்கிவிட்டாள். அவளுக்கு ஆள் என்றாலே நிரை. நிரை என்றால் யார் முதலில், யார் இரண்டாவது என்பது பெரிய விஷயம். நான் நிரையோடு நிறுத்தியிருந்தேன். யாரும் கேட்காமல் பேசிப் பழகாதவள், அன்று வாயைத் திறந்தேன்.

"நிரைக்கு இல்ல பிள்ள. மலைக்குத் தேத்தண்ணி வாளிய கம்புல மாட்டித் தூக்கிட்டுப் போக ரெண்டு பேரு."

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "முன்னுக்குப் புடிச்சாலும் பின்னுக்குப் புடிச்சாலும் அதே ரெண்டு பேருதானே. அப்ப பாதி. பத்து சேர்."

"மொதல்ல சொன்ன இருபது?"

"அது நிரைக்கு சேர். அங்க யாரு எங்கன்னு பாக்காட்டி சண்ட வந்துரும்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, ஆறு பேர், ஆறு நிரை?"

கடைசி வாங்கிலிருந்து பதில் வந்தது. "எழுநூத்தி இருபது. கங்காணி பாடு திண்டாட்டம் சேர்."

எட்டாம் வகுப்பு தொடரலாம், அடுத்த வருடம் ஒன்பதும் ஆரம்பிக்கலாம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அதை மூன்று தடவை படித்தேன். பிறகு பிள்ளைகளைப் பார்த்து நின்று அடுத்த பாடத்தைச் சொல்லத் தொடங்கினேன். மணியடிக்கும் நேரத்தில் அந்தப் பெண் எழுந்தாள்.

"பலகையிலயும் கொஞ்சம் எழுதுங்க டீச்சர். நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறீங்க."