செல்வதாஸ் கேட்டு வாங்கிய எலும்பு

செல்வதாஸ் ஆயுசில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் குளோரியின் அண்ணன் இஸ்ரவேல் வாத்தியார், "கப்பல்ல என்ன சோலி?" என்று கேட்டார். கூடப் போன தரகர் முந்திக்கொண்டு, "ஸ்டோர் ஆப்பீசரு" என்று அடித்துவிட்டார். செல்வதாஸ் சுற்றுலாக் கப்பலில் குசினிக்காரர். பன்றி விலாவைத் தணலில் வாட்டுவதுதான் அவருடைய வேலை. வாத்தியார் வீட்டுப் பெண் சமையல்காரனைக் கட்டுவாளா என்று பயந்து பேசாமல் இருந்தார். அந்தப் பயம் பதினேழு வருடம் நீண்டுவிட்டது.

லீவுக்கு வந்தால் அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டார். கை தானாகக் கரண்டியை எடுத்துக் குட்டை உடைத்துவிடுமே! குளோரி ஆக்கிப் போட, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆப்பீசர் அல்லவா?

முட்டுவலி வந்து கப்பலை விட்டு, கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊரோடு வந்து சேர்ந்த பிறகு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். முந்தின நாள் காலையில் ஏழெட்டு வீட்டார் சேர்ந்து ஒரு பன்றியை அறுத்துப் பங்கு வைப்பது அங்கே வழக்கம். இறைச்சி, தோல், ஈரல், எலும்பு எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டிக் கலந்து, வாழையிலையில் கூறு போடுவார்கள். ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சே வரக்கூடாது. வெட்டுகிறவர் ஜெபதாஸ். அவர் விலாவின் மேல் கத்தியை ஓங்கியதும் செல்வதாஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"மக்கா, வெட்டாத! அத முழுசாத் தா."

"வெளயாடுதியா? எல்லாருக்க பங்குலயும் எலும்பு வேணும்லா?"

"நான் ரண்டு பங்குக்குப் பணம் தந்திருக்கேம்லா? அத நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு இந்த எலும்பு போதும்."

கூட்டம் சிரித்தது. இறைச்சியைக் கொடுத்து எலும்பை வாங்குகிறவனை அந்த ஊர் கண்டதில்லை. "ஆப்பீசருக்கு எலும்பு என்னத்துக்கு?" என்றார் ஜெபதாஸ்.

செல்வதாஸுக்குச் சுருக்கென்றது. "ஆப்பீசரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் குசினிக்காரன். கப்பல்ல இதத்தான் சுட்டேன்" என்று போட்டு உடைத்துவிட்டார். அதற்கப்புறம்தான், இறைச்சி வாங்கச் சருவத்தோடு பின்னால் நின்ற குளோரியைப் பார்த்தார்.

அவள் எலும்பை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கி, இரும்புக் கம்பிவலையைப் போட்டு, சிரட்டைக்கரியைக் கனிய வைத்தார். எலும்பின் உட்புறச் சவ்வை ஒரே இழுப்பில் உரித்தார். நல்லமிளகு, பூண்டு, உப்பு அரைத்துத் தேய்த்தார். தணலை ஓரமாக ஒதுக்கி, மேலே அண்டாவைக் கவிழ்த்து மூன்று மணி நேரம் பொறுமையாக வேகவிட்டார். கருப்பட்டியும் புளியும் காய்ச்சிய பாகைக் கடைசியில்தான் தடவினார். முன்னமே தடவினால் கரிந்துவிடும். கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. மனசுதான் கிடந்து அடித்துக்கொண்டது. இனி இவள் என்னை மதிப்பாளா?

குளோரி வாசல்படியில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தாள்.

ஒரு விலாவை அறுத்துத் தட்டில் வைத்து நீட்டினார். கடித்தாள். சதை எலும்பை விட்டு மெத்தென்று வந்தது. மெல்ல மெல்ல அவள் கண் நிறைந்தது.

"குளோரி, குசினிக்காரன்னு கொறச்சலா நெனச்சிராத..."

"அதுல என்ன கொறச்சல்?" அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நம்ம ரெஜிலா பிறந்தப்போ லீவுல வந்தியளே, ஓர்மை உண்டா? பச்ச உடம்போட எந்திச்சு உங்களுக்குச் சோறு பொங்கினேன். இவ்வளவு கைப்பக்குவத்த வச்சிக்கிட்டு, கொழம்புல உப்பு கொறவுன்னு சொன்னியளே. எனக்கு ஒரு நேரக் கஞ்சி வச்சுத் தந்தியளா?"

ஊரெல்லாம் சிரித்தபோது வராத கூச்சம் அப்போது வந்தது செல்வதாஸுக்கு. பாவம்தான், ஆனால் வரட்டும், வர வேண்டியதுதான்.

குளோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு விலாவைத் தானே அறுத்து எடுத்தாள். "நாளைக்குப் பண்டிகைச் சமையலுக்கு நான் அடுப்படிக்கு வரமாட்டேன்" என்றாள்.

"வரண்டாம்" என்றார் செல்வதாஸ்.

"நாளைக்கு மட்டும் இல்ல."