உபவாச ஜெபத்தின் நடுவில் நான் சாப்பிட்டேன்

ஜெபத்தில் என்னைத் தாங்கிய சபையாருக்கு, உயிரோடிருக்கும் ஒருவன் எழுதுவது.

நம் சித்தூர் ஜில்லா ஆந்திராவிலா, சென்னை ராஜ்யத்திலா என்று ஊரே மனு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் நான் கழிவறையில் இருந்தேன். குடலில் புண். தினம் பத்து முறை ரத்தமாகப் போகும். கூடவே காமாலை. தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும் என்று தெரியும். என் உடம்பு எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெருங்குடலை எடுத்தாக வேண்டும். ஆனால் கல்லீரலும் கெட்டிருப்பதால் ரத்தம் நிற்காமல் போகலாம், வெட்டித் தைத்த புண் ஆறாமல் போகலாம். "மூணு வாரம் நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க. அப்பதான் கத்தியை எடுப்பேன்."

யாருக்காவது ஆபத்தென்றால் வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கூடி, மாலைவரை உபவாசமிருந்து ஜெபிப்பது நம் சபை வழக்கம். எனக்காகவும் கூடினீர்கள். மனுதாரனே வயிறு நிறையச் சாப்பிட்டால் மனு தள்ளுபடியாகும் என்று நானாக ஒரு விதியை இயற்றிக்கொண்டேன். வெள்ளி போதாதென்று புதனையும் சேர்த்தேன். மற்ற நாட்களிலும் அரை வயிறுதான். மூன்றாம் வாரம் கால் வீங்கியது. கண் இன்னும் மஞ்சளானது. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். சாவுக்குப் பயந்து அன்றுதான் முதல்முறை அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி எஸ்தர் எல்லார் முன்பும் என் பட்டினியைப் போட்டுடைத்தாள். பக்கத்துத் தெரு சாராள் விடவில்லை.

"ஏண்ணா, டாக்டரு துன்னச் சொன்னா நீ பட்டினி கெடந்துக்கினு கீறியே! ஆண்டவரு உன்னாண்ட கேட்டாரா?"

"ஜெபம் எனக்காகத்தானே? நான் மட்டும் எப்படி..."

"உனுக்காகத்தான் நாங்க இத்தினி பேரு கெடக்கறமே, பத்தாதா? எஸ்தரு, இட்லி கொண்டாம்மா. நீ துன்னாத்தான் ஆமென் சொல்லுவோம்."

நீங்கள் பசியோடு தமிழிலும் தெலுங்கிலும் ஜெபிக்க, நடுவில் உட்கார்ந்து நான் இட்லி தின்றேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை. 'ஆண்டவரே, உமக்குக் காட்ட என் கையில் ஒன்றுமில்லை' என்று அப்போதுதான் உண்மையாக ஜெபித்தேன்.

அப்படி ஆறு வெள்ளிக்கிழமைகள். காமாலை இறங்கியது. ஆபரேஷன் நடந்தது. ரத்தம் நின்றது. தையல் மெதுவாக, ஆனால் முழுதாக ஆறியது. டாக்டரே இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

கல்லீரல் புதிதாகிவிட்டது என்று பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். மலம் போக வயிற்றில் ஒரு துவாரம், அதன்மேல் ரப்பர் பை. இதோடு இரண்டு வருடமாக ஆராதனைக்கு நடந்தே வருகிறேன். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

படுக்கையில் கிடப்பவர்களே, அவரை நம்புங்கள். தகுதி சேர்க்கிறேன் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லி அனுப்புங்கள். நாங்கள் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். பட்டினியை எங்களிடம் விட்டுவிட்டு, நீங்கள் சாப்பிடுங்கள்.