முப்பத்தெட்டு வயதில் குழந்தை டாக்டரிடம் போனேன்

1. மேசைக்கு அடியில்

மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில், ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் பல வருடம் கியூசி பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பின் கால் வளைந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ரிஜெக்ட் தட்டில் போடுவது வேலை. ஷிப்ட் முடியும்போது மற்றவர்களுக்குக் கண் சிவந்திருக்கும். எனக்கு அது ஓய்வு. மனிதர்கள்தான் களைப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், லைனில் கோளாறு வந்தால் அலற, புது பஸ்ஸர் பொருத்தினார்கள். பழையது காதில் கேட்கும்; புதியது பல்லில் கேட்டது. மூன்றாம் நாள் அது அடித்தபோது பேக்கிங் மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. அன்றைய லாட்டில் ரிஜெக்ட் ஆனது நான் ஒருவன்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கார்டில் மனச்சோர்வு, பதற்றம் என்று எழுதியிருந்தது. மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. காரணத்தை யாரும் கொடுக்கவில்லை.

பெர்சனல் ஆபீசர் பெர்னார்ட் கூப்பிட்டார். நல்ல மனிதர், கெட்ட செய்தியைக்கூட மைலோ வாங்கிக் கொடுத்துத்தான் சொல்வார்.

"மெடிக்கல் போர்டுக்குப் போயிருங்க சிவா. அன்ஃபிட்னு எழுதிட்டா வீட்ல நிம்மதியா இருக்கலாம்லா. இங்க ஒரு சைன் மட்டும் போடுங்க."

வேலையை விட்டுப் போகச் சம்மதம் என்று ஒரு படிவம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று மாதம் கொடுத்தார்.

2. என்னைக் கேட்காமல் எழுதியது

எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்த நாட்களில் டவுன் லைப்ரரியில் உட்கார்ந்திருப்பேன். அங்கே பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஆட்டிசம் பற்றி ஒரு கட்டுரை. சத்தம் வலிக்கும் பிள்ளைகள், பொருட்களை வரிசையாக அடுக்கும் பிள்ளைகள், முகத்தைப் பார்க்காமல் பேசும் பிள்ளைகள். என் வாழ்க்கை வரலாற்றை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதியிருந்தார்கள்.

அதைப் பிரதி எடுத்து, என்னைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். படித்தார். சிரிக்கவில்லை, அதற்கே நன்றி.

"இது சின்னப் பிள்ளைங்களுக்குப் பாக்கறது சார். உங்களுக்கு முப்பத்தெட்டு வயசு."

"அந்தப் பிள்ளைங்க வளந்து எங்க போறாங்க டாக்டர்?"

பேனாவைக் கீழே வைத்தார். என்னைச் சின்ன வயதில் பார்த்த யாரையாவது கூட்டி வரச் சொன்னார். அவர்கள் சொல்வதைப் பொறுத்துத்தான் கோலாலம்பூரில் இருக்கும் குழந்தை மனநல நிபுணருக்கு எழுத முடியுமாம்.

3. அக்கா சொன்னது

அம்மா இல்லை. இருந்தது புஷ்பம் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோயில் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார். "ஒன்னும் இல்லங்கம்மா. நல்ல பிள்ள. டயத்துக்குப் பேசுனான், டயத்துக்கு நடந்தான்." டாக்டரம்மா எழுதி மூடினார். என் கதையும் மூடியது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்கு என் கேள்வியே புரியவில்லை. தோட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரி, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஐயாதான். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்து எட்டிப் பார்த்து, பிள்ளைக்கு என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பதுதான் பதில். ஏதாவது இருக்கிறது என்றால் அவர் எழுதுவார். எழுதினால் அது ஆபீசுக்குப் போகும்; வேலையாட்களின் பெயர்ப் பட்டியலான செக்ரோல் அங்கேதான் இருக்கும்.

"எழுதிட்டா செக்ரோல்ல பேர அடிச்சிருவாங்கடா. நம்ம முனியம்மா வீட்டுல நடந்துச்சில்ல? உன் வேலையக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"எழுதாமலே அடிக்கப் போறாங்கக்கா," என்று படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "சத்தந்தான் எனக்கு ஆகலன்னு டாக்டர் எழுதித் தந்தா, அது ஒன்னுதான் அதுக்கு எதிரா எங்கிட்ட இருக்கும்."

அக்கா நின்றார். நியாலாஸ் பஸ் வந்து, கதவு திறந்து, மூடிப் போனது. பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தார். நம்பர் எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த மிஸ்ஸி, நர்ஸம்மா, ஏதோ சொன்னார்; அக்காவுக்குக் காது கேட்காத நேரம் அது. நேரே அறைக்குள் போனார்.

"அப்ப சொன்னதெல்லாம் பொய்யிங்கம்மா. இப்ப எழுதிக்குங்க."

நாலு வயது வரை நான் பேசவில்லையாம். ரப்பர் பால் எடுக்கும் மங்குகளை லயத்து வாசலில் வரிசை வைத்து, யாராவது ஒன்றை நகர்த்தினால் மயங்கும்வரை கத்துவேனாம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்து ஆட்களைக் கூப்பிடும்போது தலையைச் சுவரில் மோதுவேனாம். அதற்காகவே அம்மா தினமும் மணிக்கு முன்னால் எழுந்து என் இரு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். குழம்பு சோற்றைத் தொட்டால் தட்டோடு வீசுவேனாம். எனக்கே தெரியாத தகவல்கள். இப்படி ஒரு பிள்ளையை என் வீட்டில் வைத்திருக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

டாக்டரம்மா மூன்று பக்கம் எழுதினார். அக்கா கடைசிவரை நாற்காலியில் சாயவில்லை.

4. கட்டம் இல்லாத படிவம்

மூன்றாம் மாதக் கடைசியில் கோலாலம்பூரில் நேரம் கிடைத்தது. காத்திருக்கும் அறையில் முயல் படம் போட்ட சின்ன நாற்காலிகள்தான். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு பையன் கார்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். பச்சை ஒன்று இடம் மாறியிருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

நிபுணர் இரண்டு மணி நேரம் பேசினார். பெரியவர்களுக்கு ஆட்டிசம் என்று எழுதியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன் என்று எழுதினார். மனச்சோர்வு வேறு, அது இருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதே என்றும் சொன்னார். நிறுத்தவில்லை.

கடிதத்தைப் பெர்னார்ட் இரண்டு முறை படித்தார். "இது குணமாகுமா சிவா?"

"ஆகாது சார். உங்க பஸ்ஸரத்தான் மாத்தணும்."

படிவத்தில் சம்மதிக்கிறேன் என்பதற்கு மட்டும் கட்டம் இருந்தது. மறுப்பவன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே மேலிருந்து கீழ்வரை குறுக்காக, பெரிய எழுத்தில், சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஃபைலில் வைக்க ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி கேட்டேன். இரண்டு வாரம் முறைத்துவிட்டு, பஸ்ஸர் கேட்காத, ஸ்டோருக்குப் பக்கத்து அறைக்கு என் மைக்ராஸ்கோப்பை மாற்றினார்கள்.

இப்போது வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உங்களுக்கு என்ன என்று யாராவது பேனாவோடு கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். இருப்பதைச் சொல்லுங்கள். எழுதட்டும். எழுதியதைப் படித்துப் பாருங்கள், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதன் பிறகும் வீட்டுக்குப் போ என்றால், போகாதீர்கள்.