டிரம்மில் ஏறிய சூடு

ராக்காயிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கியவள். ஈரம்பட்ட மருந்து சூடேறி நுரைத்தால் மணலைக் கொட்டிவிட்டு ஓட வேண்டும் என்பது அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது.

பிறகு திருத்தங்கல் அச்சகமொன்றில், மைக் கழிவுநீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்களை வெல்லம் ஊட்டி வளர்க்கிற டிரம்முக்குக் காவலாகச் சேர்ந்தாள். ஒருநாள் டிரம் வெதுவெதுப்பாக நுரைத்தது.

“ஏலே, ஓடுங்கலே!” என்று கத்தியபடி வாளி வாளியாக மணலைக் கொட்டினாள்.

பொறியாளர் செழியன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “உசுரோட வளந்ததாலதான்க்கா அந்தச் சூடு. கொன்னுட்டீகளே!”

“மொதல்லயே சொல்லப்படாதா? நான் பாத்த சூடெல்லாம் உசுர எடுத்த சூடுதான்!”

புது நுண்ணுயிர் விட்டார்கள். ராக்காயி இப்போதும் நிலைகொள்ளாமல் நடக்கிறாள். டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். கைக்குக் குளிர்ச்சி தட்டினால்தான் இப்போது அவளுக்கு ஈரக்குலை நடுங்குகிறது.