கடைசி வீட்டுக் கம்பி வலை

மலைமேல் ஏரிக்கரை ஊரொன்றில் எங்கள் திருச்சபைக்கு எட்டுச் சின்ன வீடுகள் உண்டு. நெஞ்சு நோய்க்குச் சரியான மருந்தில்லாத காலத்தில், நோயாளிகளைக் காற்றுக்காகக் கொண்டுபோய்ப் படுக்கவைக்கக் கட்டியவை. இப்போது கோடையில் ஒவ்வொரு ஊர்ச் சபைக்கும் ஒரு வீடு, பத்து நாள். போதகர் கடிதம் கொடுத்தால்தான் சாவி. யாருக்குக் கடிதம் என்பதைக் கமிட்டி சொல்லும். எங்கள் நெய்வேலியில் கமிட்டி என்றால் என் மச்சான்தான். மனைவியின் அண்ணன். மைன்ஸில் பர்மனெண்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், ஞாயிறுதோறும் ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கிற கணீர்க் குரல். நான் எட்டாவதோடு நின்ற கான்ட்ராக்ட் பெயின்டர்.

என் மனைவிக்கு வீசிங். மூன்று தலையணையில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். நான் பக்கத்தில் கிடந்து அவள் மூச்சை எண்ணுவேன். "மலைக்குப் போனா தேவலாமாங்க?" என்று ஒருநாள் அவளே கேட்டாள். பிப்ரவரியிலேயே மச்சானிடம் போய் நின்றேன்.

"உன் பேரத்தான் மாப்ள மொதல்ல எழுதி வச்சிருக்கேன்" என்றார்.

நம்பினேன். கம்பளிகூட வாங்கிவிட்டேன்.

மே பிறந்ததும் வீட்டுக்கே வந்தார். "கமிட்டி ஒத்துக்கல மாப்ள. எங்க மாமனாருக்குக் குடுத்துட்டாங்க. நாங்களும் கூடப் போறோம்." அதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேன். கூசாமல் கேட்டார்: "நீதான் அங்க ரெண்டு மாசம் பெயின்ட் அடிச்சவனாச்சே. எந்த வூட்டக் கேட்டு வாங்குனா நல்லாருக்கும்?"

"கடைசி வூடு மச்சான். கதவத் தொறந்தா ஏரிதான்."

பொய் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஏரிப் பக்கம் இடுப்புக்கு மேல் சுவரே கிடையாது, வெறும் கம்பி வலை. நோயாளிமேல் காற்று படவேண்டும் என்றே அப்படிக் கட்டியது. பழையபடியே இருக்கவேண்டும் என்று இன்றுவரை யாரையும் அடைக்கவிடுவதில்லை. விடிந்தால் போர்வையைப் பிழியலாம். பெயின்ட் அடிக்கப் போன நாங்களே சமையற்கட்டில்தான் படுத்தோம். இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

அவர்கள் பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என்மேல் கேஸ் வருமா? செல்போனில் அந்த ஊர்க் குளிரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் பயந்தேன். கூடவே இனித்தது.

மூன்றாம் நாளே திரும்பிவிட்டார்கள். பெரியவர் குரங்குக் குல்லாய் கொண்டுபோன புண்ணியத்தில் கல்லு மாதிரி இருந்தார். போனது மச்சானின் தொண்டைதான். ஞாயிறன்று அறிவிப்பு வாசிக்க எழுந்து வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்தவர் தாளை வாங்கி வாசித்தார். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போனேன். "மிச்ச நாள் வூடு சும்மாதானே கெடக்குதுங்க ஐயா. என் வூட்டுக்காரிக்கு மூச்சு..."

"அடடா, எங்கிட்ட யாருமே சொல்லலையேப்பா" என்றார். ஆக, என் பெயரை மச்சான் எழுதவே இல்லை. எனக்கிருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் அன்றோடு தீர்ந்தது.

கிடைத்தது அதே கடைசி வீடு. டாக்டர் "நல்லாப் போத்திக்கிட்டுப் போகட்டும்" என்றார். எனக்குத்தான் பயம். அண்ணனுக்கு வெட்டிய குழியில் தங்கையைப் படுக்கவைக்கிறேனே என்று. கம்பளியெல்லாம் அவள்மேல் போட்டுவிட்டு வலையோரம் காவல் உட்கார்ந்தேன். சளி பிடித்தது எனக்கு. அவள் மூன்றாம் நாள் ஒற்றைத் தலையணையில் நீட்டிப் படுத்துவிட்டாள்.

காலையில் ஏரியைப் பார்த்துக்கொண்டே, "பாவம், அண்ணன் திரும்பி வந்ததாலதானே நமக்குக் கெடச்சுது. ஒரு போன் போட்டு நன்றி சொல்லுங்க" என்றாள்.

"இங்க டவரே இல்லம்மா" என்றேன்.

சட்டைப் பையில் போன் இருந்தது. நாலு கோடும் முழுசாகக் காட்டியது.